திரும்பி வந்த வெள்ளைத் துணி

அனுப்புநர்
வெர்னிட்டா மாக்சி (வயது 53),
க/பெ. அல்ஃபியஸ் மாக்சி,
படகுத்துறை அருகில்,
ஹார்ட்வெல் சவுண்ட் குடியிருப்பு,
வடக்குத் திட்டுகள் மாவட்டம், பகாமாஸ்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட நிர்வாகி அவர்கள்,
மாவட்ட நிர்வாக அலுவலகம்,
வடக்குத் திட்டுகள் மாவட்டம், பகாமாஸ்.

பொருள்: மேபல் திட்டுக் கடற்கரை – கப்பல் நிறுவனத்தின் குத்தகையில் இருப்பது – எங்கள் சபையின் ஞானஸ்நான உரிமை கேலிக்கூத்தாக்கப்பட்டது – அலைத் தடுப்புச் சுவரால் நீரோட்டம் திரும்பியது – என் கணவரின் முழுக்கு வீணானது – 29.9.2024 ஞாயிறு காலை கரையை விட்டுத்தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 26.8.2024 அன்று தங்கள் அலுவலக வராந்தாவில் நான் நின்றுகொண்டு செய்த வாய்மொழிப் புகாரும், அதற்குத் தாங்கள் நடந்துகொண்டே சொன்ன பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி நாளில் தாங்கள் எனக்கு அளித்த பதில், "பகாமாஸ் பூரா கடல்தானேம்மா, வேற எங்கயாவது முழுக்குப் போட்டுக்கக் கூடாதா?" என்பதாகும். அன்று நான் பதில் பேசாமல் திரும்பியது மரியாதையால் அல்ல, கோபத்தால். வாயைத் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆகவே எழுத்தில் பதில் தருகிறேன்.

2. வேறு எங்கேயும் முடியாது, ஐயா. எங்கள் குடியிருப்பின் பக்கம் கூர்ப்பாறையும் சதுப்பு மரங்களும்தான். எதிரே உள்ள சிறு தீவான மேபல் திட்டின் மேற்குக் கரையில் மட்டுமே மணல் மெல்லச் சரிந்து இறங்குகிறது. நடக்கத் தள்ளாடுபவரும் இடுப்பளவு நீர்வரை போய் நிற்க முடியும். அதைவிட முக்கியமானது, அங்கேதான் நாளுக்கு இருமுறை வற்றும் கடல், திட்டுகளுக்கு இடையிலான கால்வாய் வழியாக நேராக ஆழ்கடலுக்குப் போகும். கடல் வற்றும் நேரத்தில் மட்டுமே எங்கள் சபை ஞானஸ்நானம் கொடுக்கும். முழுகி எழுந்தவர் தலையில் கட்டியிருக்கும் வெள்ளைத் துணியை அவிழ்த்து நீரில் விடுவார். பழைய வாழ்க்கையை அந்தத் துணி எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும். அது கண்ணுக்கு மறையும்வரை கரையில் யாரும் உட்கார மாட்டோம். கடல் ஏறும் பெருக்கு நேரத்தில் இதைச் செய்தால் போக வேண்டியது எல்லாம் வீட்டுக்கே திரும்பி வரும் என்பது எங்கள் நம்பிக்கை. தாங்கள் இதைச் சிரிப்பாக எடுத்துக்கொண்டாலும் எனக்குக் கவலை இல்லை.

3. திட்டைக் கப்பல் நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டபோது, தங்களுக்கு முன்பிருந்த நிர்வாகி எங்கள் ஆலயத்திலேயே வந்து நின்று, படகு ஏற்றவும் குளிக்கவும் வழிபடவும் ஊராருக்குள்ள உரிமை என்றும் தொடரும் என்று உரக்க வாசித்துக் காட்டினார். நாங்களும் கை தட்டினோம். பிறகு அவருக்கு சங்குப் பொரியலும் பட்டாணிச் சோறும் போட்டு அனுப்பினோம்.

4. நான் கப்பல்காரர்களுக்கு விரோதி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகளாக அதே கரையில் உரிமம் பெற்று, பயணிகளுக்குத் தலைமுடி பின்னிவிடும் தொழில் செய்கிறேன். முதலில் வாரத்துக்கு ஒரு கப்பல் வந்தது. வந்தவர்கள் சவுக்கு நிழலில் படுத்தார்கள், நீந்தினார்கள், போனார்கள். எங்கள் ஞானஸ்நான நாளில் சிலர் தொப்பியைக் கழற்றிவிட்டு எங்களோடு நின்று பாடியதும் உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை.

5. பிறகு திட்டின் பெயர் "பேரின்பத் தீவு" ஆனது. சவுக்கு மரங்களை வெட்டி அங்கே சறுக்குக் கோபுரம் எழுப்பினார்கள். ஒரே நேரத்தில் இரண்டு கப்பல் கட்டும்படி நீண்ட துறை போட்டார்கள். அந்தத் துறைக்கு அலை படக்கூடாது என்பதற்காகக் கடலுக்குள் வளைத்துக் கல்சுவர் கட்டினார்கள். சுவர் வந்ததும் தெற்கு மூலையின் மணல் அரித்துப் போனது. அதற்கு வேறெங்கோ அள்ளிய மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதுவும் போகிறது, மறுபடி கொட்டுகிறார்கள். இன்று அந்தக் கரையில் நாற்காலி வரிசை தண்ணீருக்குள்ளேயே இறங்கி நிற்கிறது. இரண்டு கப்பலும் வந்தால் எங்கள் மாவட்டத்தின் மொத்த ஜனத்தையும்விட அதிகமான ஆட்கள் அந்த ஒரு கரையில் நிற்கிறார்கள். உட்கார அல்ல ஐயா, நிற்க. நான் முடி பின்னும் முக்காலியைப் போடவே இடம் பிடித்துச் சண்டை போட வேண்டியிருக்கிறது. பேரின்பம் யாருக்கு என்று அங்கே யாரிடமும் கேட்க முடியாது. பாட்டுச் சத்தத்தில் காது கேட்காது.

6. இனி என் கணவர் விஷயம். அல்ஃபியஸ் மாக்சி சிங்கி இறால் பிடிக்கும் முக்குளிப்பாளர். அவருக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லி நான் கெஞ்சாத ஞாயிறு இல்லை. "தெனமும் கடல்ல முங்குறவனுக்குத் தனியா என்னடி முழுக்கு? ஆண்டவருக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியும், கீழ குனிஞ்சு பாத்தாப் போதும்" என்று சொல்லி முப்பது ஆண்டு ஓட்டினார். போதகர் ஹெஸ்ரன் ஸ்டப்ஸ் அவர்களும் சொல்லிப் பார்த்து ஓய்ந்துபோனார். சென்ற ஜூன் மாதத்தில் அவருடைய இருதய வால்வு பழுதடைந்துவிட்டதாகவும் திறந்துதான் சரிசெய்ய வேண்டும் என்றும் தலைநகரான நாசாவில் மருத்துவர்கள் சொன்னார்கள். அறுவைக்கு அக்டோபர் 3ஆம் தேதி குறித்திருக்கிறார்கள். ஊர் திரும்பும் படகில் அவர் என் பக்கம் பார்க்காமல், "வெர்னி, ஸ்டப்ஸ்கிட்ட சொல்லு, எறங்குறேன்னு" என்றார். நான் அழுதேன். அதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

7. நிறுவனத்தாரிடம் முறைப்படி நாள் கேட்டோம். அங்குள்ள மேலாளர் திரு. டென்னிங், கப்பல் கிளம்பியபின் மாலை ஆறு மணிக்கு வரச் சொன்னார். அன்று மாலை ஆறு மணிக்குக் கடல் ஏறும் நேரம் என்று போதகர் சொன்னார். "அப்ப மறுநாள் ஆறு மணிக்கு வாங்களேன்" என்றார் மேலாளர். கடலுக்கும் கடிகாரம் கட்டிவிட்டதாக நினைத்துவிட்டார் போலும். கடைசியில் 18.8.2024 ஞாயிறு காலை பத்து மணி என்று முடிவானது. கடல் வற்றும் நேரம்தான். ஆனால் இரண்டு கப்பலும் துறையில் நின்ற நேரம்.

8. எங்கள் படகுகள் துறையை அடைந்ததும், வாசலில் காவலுக்கு நின்ற ரிக்கார்டோ கல்மர் எங்கள் மணிக்கட்டுகளில் பிளாஸ்டிக் பட்டை மாட்டினான். அவன் என் அண்ணன் மகன். என் மடியில் வளர்ந்தவன். "அத்தை, கோவிச்சுக்காதீங்க. பட்டை இல்லாம உள்ள விட்டா எனக்கு வேலை போயிரும்" என்று தலையைக் குனிந்துகொண்டே மாட்டினான். பச்சைப் பட்டை என்றால் மது உண்டு, மஞ்சள் என்றால் சாப்பாடு உண்டு. எங்களுக்கு இளஞ்சிவப்பு, அதற்கு எதுவும் கிடையாது. என் கணவர் வெள்ளை அங்கியின் கைக்குக் கீழே இளஞ்சிவப்புப் பட்டை மின்னத் தம் ஆண்டவரிடம் போனார். போதகருக்கும் அதே பட்டைதான்.

9. நீருக்குள் போக வழியில்லை. நாற்காலிகளுக்கு நடுவே, "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுக்கேட்டு நடந்தோம். நாங்கள் பாட்டெடுத்ததும் ஒலிபெருக்கிக்காரர் எங்கள் பாட்டுக்குத் தாளம் சேர்த்துவிட்டார். உதவி செய்வதாக நினைத்திருக்கலாம். குவளையோடு தண்ணீரில் நின்றவர்கள் எங்களைச் சுற்றி வளைத்துக் கைப்பேசியை உயர்த்தினார்கள். அத்தனை ஆண்டு பிடிவாதத்தை விட்டு இறங்கிய மனிதர், முன்பின் தெரியாத ஆட்களின் கைதட்டலுக்கும் விசிலுக்கும் நடுவே முழுகி எழுந்தார். எழுந்தவுடன் ஒருவர், "மறுபடி ஒருதரம் பண்ணுங்க, எனக்குப் படம் சரியா விழல" என்றார். நான் அவருக்குச் சொன்ன பதிலை இம்மனுவில் எழுத இயலாது.

10. இதையும் பொறுத்திருப்போம். என் கணவர் தலைத் துணியை அவிழ்த்து நீரில் விட்டார். அது பத்துப் பாகம், அதாவது அறுபது அடி தூரம் போனது. பிறகு நின்றது. பிறகு கல்சுவரின் வளைவோடு ஒட்டித் திரும்பி, பிளாஸ்டிக் குவளைகளும் உறிஞ்சு குழாய்களும் மிதக்கிற மூலைக்கு வந்து, அங்கிருந்து மெதுவாகக் கரைக்கே வந்து சேர்ந்தது. வற்றும் கடலில், ஐயா. சுவர் எழுந்தபின் நாங்கள் கொடுத்த முதல் முழுக்கு இது; எங்கள் சபை தோன்றிய நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. பாட்டு நின்றுபோனது. என் கணவர் இடுப்பளவு நீரில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

11. பச்சைப் பட்டை கட்டிய ஒரு பெண்மணி அந்தத் துணியை எடுத்துப் பிழிந்து தம் கழுத்தில் கட்டிக்கொண்டார். தமக்கு நினைவுப்பொருள் கிடைத்ததாக மகிழ்ந்தார். நான் கேட்டேன். விளக்கினேன். "கடல்ல கெடச்சது, அப்ப எனக்குத்தானே?" என்றார். முடிவில், அவர் தலைமுடி முழுவதையும் இலவசமாகப் பின்னிவிடுவதாக ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றேன். ஞானஸ்நான உடையோடு மணலில் மண்டியிட்டு, என் கணவரின் பழைய வாழ்க்கையைக் கழுத்தில் சுற்றியிருந்தவருக்குக் கடைசிப் பின்னல்வரை பின்னினேன். ஒரு பின்னல்கூடத் தளரவில்லை. தொழில் தொழில்தான்.

12. அன்று முதல் என் கணவர் பேசுவது குறைந்துவிட்டது. போதகர் வந்து, முழுக்கு செல்லும், துணி வெறும் அடையாளம்தான் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னார். "ஸ்டப்ஸு, நாப்பது வருஷமா அந்தக் கடலை எனக்குத் தெரியும். அது எதையும் சும்மா திருப்பிக் குடுக்காது. என்னை வேண்டாம்னு சொல்லிருச்சு" என்று இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மனநிலையில் அறுவைக்குப் போக மாட்டேன் என்கிறார். போனால் திரும்ப மாட்டேன் என்றும் நம்புகிறார். மருத்துவர் தேதியை மாற்ற முடியாது என்கிறார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது? கடல் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஐயா. கல்சுவர் சொன்னது. அந்தச் சுவருக்கு அனுமதி தங்கள் அலுவலகத்தில் கையெழுத்தானது. திறப்பு விழாவில் நாடா வெட்டியவரும் தாங்களே; முன்வரிசையில் முடி பின்னிக்கொண்டிருந்த நான் பார்த்தேன்.

13. இத்தோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். சென்ற வாரம் நான் பின்னிக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் தாய், "ஞானஸ்நான நிகழ்ச்சி எத்தனை மணிக்கு? கப்பல்ல படம் போட்டாங்களே" என்று என்னிடம் கேட்டார். படம் என்றால் என் கணவர் நனைந்த தலையோடு நிற்கும் படம். நேராக திரு. டென்னிங்கிடம் போனேன். அவர் என்னை உட்காரவைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்து, பயணிகளுக்கு மிகவும் பிடித்துவிட்டதாகவும், மாதம் இரண்டு ஞாயிறு இதே மாதிரி நடத்தித் தந்தால் சபையார் அனைவருக்கும் மதியச் சாப்பாடு தருவதாகவும் சொன்னார். "ஆள் யாரா இருந்தாலும் சரி, அதே ஆள் வந்தாலும் சரி" என்றார். ஒருமுறை முழுக முப்பது ஆண்டு யோசித்தவரை மாதம் இருமுறை முழுகச் சொல்கிறார்கள், சோற்றுக்கு! சாற்றை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். என் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று ரிக்கார்டோ சொல்கிறான். புதுப்பிக்க வேண்டாம்.

14. ஆகவே நான் கேட்பது இவ்வளவே. கல்சுவரின் கால்வாய்ப் பக்கத்தைத் திறந்து, வற்றும் நீர் பழையபடி போக வழி செய்ய வேண்டும். சுவரைத் திறக்க, மணல் கொட்டும் அதே இயந்திரம் துறையிலேயே நிற்கிறது. மணல் கொட்டுவதை ஒரு வாரம் நிறுத்தினால் போதும். என் கணவரின் படத்தைக் கப்பலிலிருந்து எடுக்க வேண்டும். செப்டம்பர் 29 ஞாயிறு காலை, கடல் வற்றும் நேரத்தில், அந்தக் கரையை ஒலிபெருக்கிப் பாட்டும் பட்டையும் குவளையும் இல்லாமல் எங்களுக்கு விட வேண்டும். சுவரைத் திறக்க நாள் விட்டுப் பார்த்தால், அறுவைக்கு முன்பு காலையில் கடல் வற்றும் ஞாயிறு எங்களுக்கு அந்த ஒன்றுதான் இருக்கிறது.

15. "பரிசீலிக்கப்படும்" என்ற பதில் எனக்கு வேண்டாம். அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. தாங்கள் உத்தரவிட்டாலும் விடாவிட்டாலும் அன்று காலை ஹார்ட்வெல் சவுண்டின் எல்லாப் படகுகளும் மேபல் திட்டுக்கு வரும். வாசலில் பட்டை மாட்ட வந்தால் ரிக்கார்டோவின் கையை நானே பிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போவேன். அவனும் இன்னும் முழுகாதவன்தான்.

16. இம்மனுவில் என் கணவரின் கையெழுத்து இல்லை. கேட்டேன். "மொதல்ல அந்தத் துணி வெளிய போகட்டும்டி, அப்புறம் எங்க வேணா போடுறேன்" என்றார். அந்தத் துணியைத் துவைத்து மடித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கோப்பில் கட்டி அலமாரியில் வைத்துவிட வேண்டாம். தங்கள் மேசைமேல், கண்ணில் படும்படி இருக்கட்டும். 29ஆம் தேதி காலை தாங்களே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும். அவர் தலையில் கட்ட எங்களிடம் வேறு துணி இல்லாமல் இல்லை. ஆனால் போக வேண்டியது அதுதான்.

தங்கள் பதிலை அல்ல, தங்கள் வருகையை எதிர்பார்க்கும்,

வெர்னிட்டா மாக்சி
(ஒப்பம்)

அல்ஃபியஸ் மாக்சி
(ஒப்பத்துக்கு இடம் விடப்பட்டுள்ளது)

இடம்: ஹார்ட்வெல் சவுண்ட்
நாள்: 9.9.2024

இணைப்பு: வெள்ளைத் துணி ஒன்று. திருப்பிக் கொண்டுவர வேண்டியது.