நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் கையெழுத்து

ஜூன் 11
காலையிலிருந்தே புழுக்கம். டோனர் தீர்ந்துபோச்சு. லேமினேஷன் மூன்று. காலேஜ் அப்ளிகேஷன் கூட்டம்.

பதினொரு மணிக்கு கௌரி வந்தாள். சேகரின் மனைவி. என் கணவர் கையை வெட்டிய சேகர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வாசலில் ஒருவரைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தான், இவர் தடுக்கப் போனார், கத்தியை எடுத்து வெட்டிவிட்டான். வலது கையில் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை. லேத் வேலை போனது. அந்த வழக்கு பூந்தமல்லி கோர்ட்டில் வாய்தா, வாய்தா.

சே. இப்போது புழல் ஜெயிலில். (முழுப் பேரை மறுபடி எழுத விரல் வரவில்லை.) குண்டர் சட்டம். விசாரணை இல்லாமலே ஒரு வருஷம் வைக்கலாம். இது மூன்றாவது ஆர்டர். ஒன்று முடிந்து வெளியே வந்த கையோடு அடுத்தது வந்துவிடுகிறது.

ஆவடியில் வேறு ஜெராக்ஸ் கடையே இல்லையா? தடிமனான புத்தகம் ஒன்றை நீட்டினாள். ஏன் உள்ளே வைத்தோம் என்று போலீஸ் அவனுக்குக் கொடுத்த காகிதங்கள்.

"ரெண்டு செட்டு வோணும்க்கா. வக்கீலுக்கு."

ஒவ்வொன்றாகப் போட்டேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் என் கையெழுத்து.

"அன்னிக்கு உன் கடை மூடிக்கினு இருந்துச்சு," என்றாள், அதிலிருந்த தேதியைக் காட்டி. "நானே வந்துட்டுத் திரும்பிப் போனேன்."

ஜூன் 12
எழுதிவிடுகிறேன். மார்ச்சில் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் டைப் அடித்த தாளோடு வந்தார். "சிஸ்டர், இதுல கையெழுத்து போடுங்க. ஒரு வருஷம் நிம்மதியா இருங்க." தாளில் இருந்தது: சே. கத்தியோடு என் கடைக்கு வந்து மிரட்டினான். பொதுமக்கள் நாலாபுறமும் சிதறி ஓடினர். கடைகள் அடைக்கப்பட்டன. நான் நேரில் பார்த்தேன்.

எதுவும் நடக்கவில்லை. அன்று நாங்கள் மாங்காட்டில், நாத்தனார் வீட்டில். போட்டேன். அன்றிலிருந்து நன்றாகத் தூங்கினேன், அதுதான் உறுத்துகிறது.

இன்று மெஷின் சத்தம் முழுக்க அந்த ஒரே வரி. சிதறி ஓடினர். சிதறி ஓடினர்.

வாங்க: ஏ4 இரண்டு பண்டில், இவர் மாத்திரை, துவரம்பருப்பு.

ஞாயிறு
கோயிலிலிருந்து வரும் வழியில் இவரிடம் சொன்னேன். நின்றுவிட்டார்.

"அவன் வெளிய வந்து அடுத்து யார் கைய வெட்டுவான்? அத்த சொல்லு."

"வெட்டினதுக்கு உள்ள இருக்கட்டும். நடக்காத ஒண்ணுக்கு என் பேர்ல இருக்க வேணாம்."

"உள்ள கீறவனுக்கு ரெண்டும் ஒரே கம்பிதான். எனுக்கும்தான்."

இவர் முன்னால் வேகமாக நடந்தார். மீன் வாங்க மறந்தேன்.

ஜூன் 20
வெயில். கடை வாசலில் பைக் நின்றால் முதலில் வந்தவன் கையைத்தான் பார்க்கிறேன், கத்தி இருக்கிறதா என்று. அவன் புழலில் இருக்கிறான் என்று தெரியும். தெரிந்தும்.

கௌரி மறுபடி. எதுவும் கேட்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"அவரு நல்லவர்னு சொல்ல மாட்டேன்க்கா. என்னியே அடிச்சிக்கீறார். தண்டன குடுத்தா கூட ஒரு தேதி கீதுல்ல? எம்பொண்ணு காலண்டரு மாட்டிக்கினு கேக்குது. எந்தத் தேதிய காட்டுவேன்?"

அவளுக்கும் அவன்மேல் பயம். அவன் வர வேண்டும் என்பது அவனுக்காக மட்டும் இல்லை, பெண்ணுக்காகவும் போல.

ஜூன் 24
கௌரியின் வக்கீல் ஆபீஸ். மார்ச் புகார் பொய் என்று அபிடவிட். "யோசிச்சுக்குங்கம்மா. பொய்ப் புகார் குடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. உங்க மேலயே கேஸ் வரலாம்." போட்டேன்.

இவரிடம் சொன்னேன். தட்டை இடது கையால் எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 6
ஐகோர்ட்டில் ஆர்டர் ரத்து. கௌரி போன் செய்தாள். காரணம்: போலீஸ் கொடுத்த புத்தகத்தில் சில பக்கங்கள் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாம். என் அபிடவிட்டை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லையாம்.

நான் போடாமலே இருந்திருந்தாலும் வந்திருப்பான்.

ஆகஸ்ட் 9
தூறல். சே.யைப் பார்த்தேன். பாலித்தீன் பையோடு ரயில்வே கேட் பக்கம் நடந்து போனான். ரொம்ப இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. மதியம் மூன்று மணிக்கே ஷட்டரை இறக்கினேன். ஒருவர் ஆதார் காப்பி கேட்டு வெளியிலிருந்து தட்டினார். திறக்கவில்லை.

செப்டம்பர் 3
பூந்தமல்லி கோர்ட். வெட்டு வழக்கு. இவருக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது நான் கண்ணால் பார்த்ததைக் கூண்டில் ஏறிச் சொன்னேன். அவன் வக்கீல் என் அபிடவிட்டை எடுத்தார். வீணாகப் போகவில்லை அந்தத் தாள். இங்கே வந்து காத்திருந்தது.

"மார்ச் மாசப் புகார் பொய்தானே?"

"ஆமா."

"அதுலயும் 'நேரில் பார்த்தேன்'னுதான் இருக்கு."

"இருக்கு. ஆனா இது நெஜமாவே பாத்தேன்."

"ரெண்டும் உங்க கையெழுத்துதானே?"

"ஆமா ஐயா. ஒண்ணு பொய், ஒண்ணு நெசம்."

நீதிபதி சொல்லச் சொல்ல டைப் அடித்தார்கள்: இரண்டும் என் கையெழுத்துதான் என்றால் சரிதான். ஒண்ணு நெசம் என்ற மீதி வரும் என்று காத்திருந்தேன். இறங்கச் சொல்லிவிட்டார்கள்.

அக்டோபர் 9
காலையிலிருந்து மழை. தீர்ப்பு. சந்தேகத்தின் பலன் அவனுக்கு. விடுதலை.

வாசலில் இவர் நேராக சே.யிடம் போனார். பயந்து பின்னாலேயே ஓடினேன். எதுவும் செய்யவில்லை. சட்டைக் கையைச் சுருட்டி, வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். விரலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வுடு அண்ணாத்தே," என்றான் மெதுவாக. கௌரி அவனைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் கன்னத்தில் புதுக் காயம்.

ஆவடி பஸ். பக்கத்தில் இடம் இருந்தும் இவர் கடைசி சீட்டுக்குப் போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், இறங்கிவிட்டாரா என்று.