‘அவர்கள்’ என்றுதான் இருக்கிறது

அம்மணி,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். கோடு போட்ட தாள்தான். ஆனாலும் என் வரிகள் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறும் பஸ்ஸைப் போலத் திணறிக்கொண்டு மேலே மேலே போகின்றன. ‘ழ’ போடும்போது சுழி எந்தப் பக்கம் என்று மறந்துபோகிறது. ஆனால் நானே எழுதுகிறேன், பக்கத்தில் யாரும் இல்லை. பம்பு வார்க்கிற வேலையில் ஆயுசு முழுவதும் மண் அச்சில் கம்பெனிப் பெயர் எழுத்தைப் பதித்து இரும்பை ஊற்றியவன், அது என்ன எழுத்து என்று இந்த வருடம்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்ததும் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

காலையில் உன் வேதப் புத்தகத்தைத் திறந்தேன். நீலகிரித் தைல வாசம் குப்பென்று வந்தது. உன் இடப்பக்கம் வாதத்தில் விழுந்துபோன பிறகு நான் தைலம் தேய்த்துவிடுவேன். நீ நல்ல கையால் இந்தத் தாள்களைத் தடவிக்கொண்டே இருப்பாய். படிக்க நம் இருவருக்குமே தெரியாது. “தலமாட்டுல இருந்தாப் போதுங்க, அது எங்கூடப் பேசிக்கும்” என்பாய்.

அந்தக் குணமளிக்கும் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நம் கணபதி வட்டாரத்தில் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். உன்னை உட்கார வைத்துக் கூட்டிப்போக முடியாது. கட்டிலோடு தூக்கி வேனில் ஏற்றினோம். ஒரு மூலையை நான் தோளில் தாங்கினேன். மற்ற மூலைகளை லேத் பட்டறை முருகேசனும், பால்காரர் பொன்னுசாமியும், பக்கத்து வீட்டு காதர் பாயும் பிடித்தார்கள். மைதானத்து வாசலில் நின்ற ஊழியக்காரர், நீங்களெல்லாம் எந்தச் சபை என்று கேட்டார். முருகேசன் அசரவில்லை. “எனக்கு உங்க சாமியத் தெரியாதுங்க. அக்காளத் தெரியும்” என்றான். படுத்தபடியே நீ சிரித்தாய். வாய் கோணிப்போன பிறகு உன் முகத்தில் நான் கண்ட பெரிய சிரிப்பு அதுதான்.

உள்ளே பிரசங்கியார் திமிர்வாதக்காரனின் கதையைச் சொன்னார். கூட்டத்தில் நுழைய வழியில்லாமல் நாலு பேர் கூரையைப் பிரித்து கைகால் விழுந்த ஒருவனைக் கட்டிலோடு இறக்கிய கதை. அவனுடைய விசுவாசத்தைப் பார்த்துத்தான் ஆண்டவர் அவனை நடக்க வைத்தார் என்று ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார். சிலர் மேடையேறிச் சாட்சி சொன்னார்கள். உன் நெற்றியிலும் எண்ணெய் தடவி ஜெபித்தார்கள். நீ எழுந்திருக்கவில்லை. விசுவாசம் குறைவாக இருந்தால் அப்படித்தான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, எண்ணெய் தடவிய ஊழியக்காரர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். திரும்பி வரும்போது நீ என் வேட்டியைப் பிடித்து இழுத்து, “ஏனுங்க, எம்பட விசுவாசம் பத்தலையாட்ட இருக்குதுங்க” என்றாய்.

ஐப்பசி மழை வரைக்கும் இருந்தாய். அதுவரை அதையேதான் கேட்டாய். கடைசியாக உனக்குத் தண்ணீர் ஊட்டிய அன்றும் கேட்டாய். அப்படியெல்லாம் இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஆனால் எதை வைத்துச் சொல்வது? புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாதே.

அதற்காகத்தான் பல் போன வயதில் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். போன வாரம் அந்தக் கதையை எட்டிவிட்டேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். கூரையைப் பிரித்தார்கள், கட்டிலை இறக்கினார்கள். அடுத்த வரியில் என் வாய் தானாகவே ‘அவன்’ என்று சொல்லிவிட்டது. விரல் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே இன்னும் எழுத்து மிச்சம் இருந்தது. புள்ளி வைத்த ர், பிறகு க, பிறகு புள்ளி வைத்த ள். அவர்கள். அவர்களுடைய விசுவாசத்தைத்தான் பார்த்தாராம். என் மேலேயே எனக்குச் சந்தேகம். வகுப்பு எடுக்கிற பெண்ணிடம் காட்டினேன். சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள் என்றாள்.

கட்டிலில் கிடந்தவனிடம் ஒரு கேள்வியும் இல்லை, அம்மணி. அவனை யாரும் அளந்து பார்க்கவில்லை. தூக்கிவந்தவர்களைத்தான் பார்த்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு முருகேசன் பட்டறைக்குப் போனேன். லேத்தை நிறுத்தச் சொல்லிப் படித்துக் காட்டினேன்.

“அடுத்தவன் ஊட்டுக் கூரையப் பிரிச்சுப்போட்டாங்களாக்கும்? ஊட்டுக்காரன் சும்மாவா உட்டான், மாமா?” என்று சிரித்தான். அது எழுதியில்லை என்றேன். சிரிப்பு அடங்கியதும் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“அப்படீன்னா மாமா, அக்கா எந்திரிக்காமப் போனது எங்களாலதானுங்களா? நாங்க அந்தச் சாமியக் கும்புடலீங்களே.”

உன் தலையிலிருந்து இறக்கியதை அவன் தலையில் ஏற்றிவிட்டேனே என்று இருந்தது. நின்ற இடத்திலேயே அடுத்த வரியைப் படித்தேன். திக்கித் திக்கித்தான் வந்தது. அங்கே ஆண்டவர் அவனை உடனே எழுந்து நட என்று சொல்லவில்லை. முதலில் மகனே என்று கூப்பிட்டார், உன் பாவம் மன்னிக்கப்பட்டது என்றார். பாவத்தை மன்னிக்க இவர் யார் என்று சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் மனதுக்குள் முணுமுணுத்த பிறகுதான், அவர்கள் அறியட்டும் என்று நடக்கச் சொன்னார்.

“நடந்தது சுத்தியிருந்தவங்க பாக்கறதுக்குப்பா. கெடந்தவனுக்கு அதுக்கு முன்னாலயே கெடச்சுப்போச்சு” என்றேன்.

“அக்காளையும் அப்படிக் கூப்பிட்டிருப்பாருங்களா?”

“கூப்பிட்டிருப்பாரு.”

அவன் மறுபடியும் லேத்தை ஓடவிட்டான். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. நான் சொன்ன அந்தப் பதில் புத்தகத்தில் இல்லை. நீ எழுந்து நடந்திருந்தால் அதுவே போதும் என்றுதானே நானும் இருந்திருப்பேன்? என் வலது தோளில் அந்தக் கட்டில் மூலை இன்னும் அழுத்துகிறது. ஆனால் அழுத்தும்போதெல்லாம் மைதானத்து வாசல்தான் நினைவுக்கு வருகிறது. நீ சிரித்தது அங்கேதான். எண்ணெய் தடவுவதற்கும் ஜெபத்துக்கும் முன்னால்.

இன்னொன்றும் உண்டு. மறைக்க மாட்டேன். சில பக்கம் தள்ளி, ஆண்டவருடைய வஸ்திரத்தைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதை வருகிறதாம். அவளிடம் உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்றே ஆண்டவர் சொல்கிறாராம், வகுப்புப் பெண்தான் சொன்னாள். அதைப் படிக்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் இனி யார் வாயாலும் கேட்டு நம்புவதாக இல்லை. என் வேகத்துக்கு அங்கே போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். என்ன இருந்தாலும், இருக்கிறபடியே அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதிவிடுகிறேன்.

இப்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். அதிலும் தைல வாசம் இருக்கிறது.