செவலை வயிற்றில் கிடந்த இலைப் படம்

ஆரணி,
புதன்கிழமை

அன்புள்ள மகன் ஜெயவேலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே குஜராத்தில் நீயும் மருமகள் ராதிகாவும் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொண்டேன். வேண்டுதலை முதலில் முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், எழுத ஆரம்பித்துவிட்டால் அப்புறம் என் வாயில் நல்ல வார்த்தை வராது. இப்போதெல்லாம் போன் போட்டால் மீட்டிங் இருக்குதும்மா என்று கட் பண்ணிவிடுகிறாய், கடிதத்தை என்ன செய்வாய்?

அன்புச்செல்வியின் மாட்டுக்கு ஆபரேஷன் ஆனது. நம் டிபன் கடைக்குப் பால் ஊற்றுகிறாளே பின்தெரு அன்புச்செல்வி, அவளுடைய செவலைக்குத்தான். நிறைசினை மாடு, சில நாளாக அசைபோடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது. மாட்டு டாக்டர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு வயித்துல பிளாஸ்டிக் அடைச்சிகினு இருக்குதும்மா, எந்தக் கடைக் குப்பையத் தின்னுச்சு என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் வாய் சும்மா இருந்ததா? எங்க கடையில பிளாஸ்டிக்கே கிடையாதுங்க சார், எல்லாம் என் புள்ள கம்பெனித் தட்டு, மரவள்ளிக் கிழங்கு மாவும் வாழைநாரும் சேர்த்து சூட்டுல அழுத்தினது, மண்ணுல போட்டா மக்கிப்பூடும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வயிற்றைக் கீறி, கையை விட்டு, உருண்டை உருண்டையாக எடுத்து வாளித் தண்ணீரில் அலசினார். நாரும் மாவும் பிரிந்து போய்விட்டது. பாலாடை மாதிரி ஒரு மெல்லிய தோல் மட்டும் மிதந்தது. அதன்மேல் பச்சை இலைப் படம். உன் கம்பெனி இலையடா அது. கூடி நின்ற அத்தனை பேர் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. செவலை பிழைத்துக்கொண்டது. வயிற்றில் இருந்த கன்று தங்கவில்லை.

அன்றைக்கே போனில் உன்னைக் கேட்டேன். முதல்ல வந்த தட்டு சாம்பார்ல ஊறி ஒழுகுதுன்னு ஆர்டரெல்லாம் திரும்பி வந்துடுச்சும்மா, அதான் உள்ள ஒரு கோட்டிங் குடுத்தோம், ரொம்ப மெலிசு, கண்ணுக்கே தெரியாது என்றாய். கண்ணுக்குத் தெரியாவிட்டால் மாட்டு வயிற்றுக்குத் தெரியாதா? அட்டைப்பெட்டிமேல் முழுக்க மக்கும் என்று பழைய எழுத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறாயே, அதுவும் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா? ஒழுகினால் என்ன, நான் கெட்டிச் சட்னி வைத்து ஓட்டியிருப்பேன். நீ இன்னும் கொஞ்ச நாள் மண்டையை உடைத்துக்கொண்டு வேறு வழி தேடியிருக்கலாம். அதற்குத்தானே படித்தாய்? அதோடு விட்டாயா, தட்டை யாரும்மா மாட்டுக்குப் போடச் சொன்னது என்று என்னையே திருப்பிக் கேட்டாய் பார், எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யார் சொன்னதா? போன மாட்டுப் பொங்கலுக்கு வந்தபோது, கொம்புக்கு வர்ணம் அடித்து நின்ற இதே செவலைக்கு, தட்டைப் பிய்த்துக் கஞ்சியில் தோய்த்து ஊட்டினது உன் கைதானே? பாருங்க, மாடே சாப்புடுது, இதுல இன்னா பயம் என்று தெருவையே கூட்டிவைத்துப் பேசினாய், ராதிகா செல்போனில் படம் பிடித்தாள். அன்றையிலிருந்து கடை மூடும்போது எச்சில் தட்டையெல்லாம் கழுநீரோடு சேர்த்து அன்புச்செல்வியின் வாளியில் போட்டோம். இலையானாலும் சோறானாலும் மிச்சம் மாட்டுக்குத்தான் போகும், இந்த வீட்டில் வளர்ந்த உனக்கு அது தெரியாதா? சரக்கை மாற்றினவன் பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அந்த வீடியோ இன்னும் உன் கம்பெனிப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அப்பா நேற்று காட்டினார். முதலில் அதை எடு. அந்த மாட்டைக் காட்டி இனி ஒரு தட்டு விற்கக் கூடாது.

அப்பா ரைஸ் மில்லுக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் நீ அனுப்பிய தைலத்தைத் தொடமாட்டேன் என்கிறார், இது என்ன வீம்போ. கடையில் வாழை இலைக்கு மாறிவிட்டேன். மிச்சமிருக்கிற உன் தட்டுக் கட்டெல்லாம் பரண்மேல் கிடக்கிறது. குப்பையில் போட்டால் இன்னொரு மாடு தின்னும், கொளுத்தினால் தெருவே நாறும். மண்ணில் மக்கும் என்று சொல்லி விற்றவன் நீ, இதை எங்கே போடுவது என்று நீயே சொல்.

அன்புச்செல்வி என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பிறக்கப் போவது காளையோ கிடேரியோ என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள். இன்னா பண்றது அக்கா, உன் புள்ள தெரியாமதான் பண்ணியிருக்கும் என்று அவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். இல்லை, தெரிந்துதான் செய்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். யாரிடமும் பொய் பேசாத என்னை அவள் முன்னால் தலையாட்ட வைத்துவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

பொங்கலுக்கு வருவதாக ராதிகா சொன்னாள். வா. வேளாவேளைக்குச் சாப்பிடு, ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே, ராதிகாவிடம் எரிந்து விழாதே. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், நாலு பேர் வாழ்த்துகிற மாதிரி வாழ வேண்டும். கோபத்தில் எழுதினாலும் என் ஆசீர்வாதம் ஆசீர்வாதம்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்கு வராதே. முதலில் பின்தெருவுக்குப் போய், தெரிஞ்சுதான் பண்ணேன் என்று அவளிடம் உன் வாயால் சொல்லிவிட்டு வா. போகும்போது ஒரு கட்டு பசும்புல் வாங்கிக்கொண்டு போ, மறந்துவிடாதே. செவலைக்கு நீ செய்தது ஒன்றும் தெரியாது, உன்னைப் பார்த்தால் பழையபடி கையை நக்க வரும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
எழிலரசி