அரைக்கட்டை ஏறிய கேசட்

மச்சான் நஸீர்,

இருபத்தாறு வருடம் கழித்து உன்னை இப்படிக் கூப்பிடுகிறேன், நீ போய் ஏழு மாதமான பிறகு. பதில் சொல்ல நீ இல்லை என்பதால்தான் எனக்கு இது வருகிறது.

போன சனிக்கிழமை உன் மனைவி பாத்திமா என்னைத் தேக்கா மார்க்கெட்டுக்கு வரச் சொன்னார். உன் ஜனாஸா தொழுகைக்கே, அடக்கத்துக்கே வராதவனை எதற்குக் கூப்பிடுகிறார் என்ற எரிச்சலோடுதான் போனேன். டீக்கடை மேசையில் ஒரு கனத்த பெட்டியை வைத்தார். நாம் பைத்தியமாகக் கேட்ட பேஸ் கிட்டார்காரரின் பழைய ஜாஸ் ஃபியூஷன் ஆல்பங்கள், ஒரே பெட்டியில். நீ ஆர்டர் செய்து, நீ போன பிறகு வந்திருக்கிறது.

"எங்க வீட்ல இத யாரும் கேக்க மாட்டாங்கண்ணே. வந்தா முரளிகிட்ட காட்டணும்னு சொன்னாரு. அப்புறம் அவரே, 'அவன் வரமாட்டான் லா'ன்னு சிரிப்பாரு."

பிறகு கேட்டார். "அன்னைக்கு மேடையில என்னதாண்ணே நடந்துச்சு? அவரு கடைசி வரைக்கும் சொல்லல."

நான் எல்லாரிடமும் சொல்வதையே சொன்னேன். "அவன் தப்பான சுருதியில ஆரம்பிச்சான். கூட்டமே சிரிச்சுச்சு."

"அப்போ அவரு மேலதான் தப்பா" என்று டீயைப் பார்த்தபடி சொன்னார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். அந்தச் சண்டைக்குப் பிறகு அந்த மனிதரின் இசையை நான் தொட்டதே இல்லை, தெரியுமா? மூன்றாவது ஆல்பத்தில், அன்று நாம் மேடையில் எடுத்த பாட்டு. பேஸ் மட்டும் தனியாகத் தொடங்கும் இடத்தில் கீபோர்டைத் திறந்து கூடவே வாசித்தேன். சேரவில்லை. சுருதியை அரைக்கட்டை இறக்கிப் பார்த்தேன், சேர்ந்தது. நீ அன்று தொடங்கிய அதே சுருதி.

எங்கள் தஞ்சோங் பகார் வீட்டில், நான் பிரதி எடுத்து வந்த டேப்பை அப்பாவின் கேசட் டெக்கில் போட்டுக் கேட்டுத்தான் நம் பேண்ட் நால்வரும் பழகினோம். "உங்கப்பா டெக் வேகமா ஓடுதுடா. கடையில எல்பி ரெக்கார்டு போட்டுக் கேட்டேன், இது அரைக்கட்டை மேல போகுது" என்று ஒத்திகையில் சொன்னாய். "மொதல்ல காதைக் கழுவிட்டு வா" என்றேன்.

சமூக மன்ற மேடையில் நீ எல்பியின் சுருதியில் தொடங்கினாய். நான் டேப்பின் சுருதியில் சேர்ந்தேன். சிரிப்பு எழுந்ததும் மைக்கைப் பிடித்து, "எங்க பேஸ் பிளேயருக்குச் சுருதி சேர்க்கத் தெரியாது" என்றேன். நீ ஒயரைப் பிடுங்கிவிட்டு இறங்கிப் போனாய்.

நீ சொன்னது சரி. ஆனால் அதை மேடையில்தான் நிரூபிக்க வேண்டுமா? எங்கள் மூன்று பேரையும் அந்தரத்தில் விட்டுவிட்டு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. செத்துப்போன காரணத்துக்காக உன்னை உத்தமனாக்க மாட்டேன். ஒரு போன் செய்து, "டேய், எல்பியக் கேளுடா" என்று சொல்லியிருக்கலாம். நான் எடுத்திருப்பேனா?

என்னைக் குத்துவது வேறொன்று. நீ உன் மனைவியிடம்கூட என்மேல் ஒரு குறை சொல்லவில்லை. நானோ அவரிடமே உன்மேல் பழியைப் போட்டுவிட்டு, உன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வருகிற சனிக்கிழமை பெட்டியோடும் கீபோர்டோடும் உங்கள் பாசிர் ரிஸ் வீட்டுக்குப் போகிறேன். பாத்திமா முன்னால் அந்தப் பாட்டைப் போடுவேன். முதலில் என் டேப்பின் சுருதியில் வாசிப்பேன். அவர் முகம் சுளிக்கட்டும். பிறகு நீ தொடங்கிய இடத்தில் சேர்ந்துகொள்வேன்.

கோபம் தீராத உன் மச்சான்,
முரளி