எண்ணாமல் விட்ட ஒரு நிமிடம்

இன்று காலை கடையில் மல்லி அடுக்கியிருந்த தட்டை இழுத்தபோது, சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு மஞ்சள் துண்டு கிடந்தது. உன் கையெழுத்து. மேலே ஒரு மருந்தின் பெயர், பிரெஞ்சில். கீழே தமிழில்: "சலம் கூடப் போகும். பொட்டாசியம் பார். எழும்பேக்க தலை சுத்தும்." அதற்கும் கீழே, இன்னும் சிறிதாக: "மச்சான், கிழிச்சியெண்டால் கை அழுகும்."

நான் கிழிக்கவில்லை. பழைய தட்டுகளைக் கழற்ற வந்த ஆட்களை வெளியே நின்று கோப்பி குடிக்கச் சொல்லிவிட்டு, துண்டோடு அரிசி மூட்டையில் உட்கார்ந்தேன். நீ போய் எட்டு மாதம். எனக்கு எழுத்து என்றால் சரக்குப் பட்டியல்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் இதைச் சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை.

மொன்ட்ரியால் டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவித்தான் இருவரும் இந்த ஊரைத் தொடங்கினோம். பேந்து நான் லாசாலில் கராஜ் அளவு இடமொன்றைப் பிடித்து அரிசியும் மிளகாய்த்தூளும் விற்கப் போனேன். நீ மொன்ட்ரியால்-நோரில் முதியோர் இல்லமொன்றில் உதவியாளாகச் சேர்ந்தாய். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, தூக்கி இருத்துவது. கடையைச் சேர்ந்து நடத்துவோம் வா என்று இரண்டு தரம் கேட்டேன். நீ வரவில்லை. உனக்குச் சரக்கில் ருசி இல்லை, மனிதரில்தான் ருசி.

அந்த இல்லத்தில் ஒருநாள் ஒரு கிழவர் மூச்சுக்குத் தவித்திருக்கிறார். என்ன செய்ய வேண்டுமென்று பார்த்துப் பார்த்தே உனக்குத் தெரியும். செய்யத்தான் உரிமையில்லை. மேல்மாடியிலிருந்து தாதி வந்து சேரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயாம். "கையைப் பிடிக்கிறதுக்கு மட்டும்தான் மச்சான் எனக்கு அனுமதி" என்றாய். அதைச் சொன்னபோது உன் முகம் இருந்த விதத்தைப் பார்த்துத்தான், நீ நேர்சிங் படிக்கப் போவதாகச் சொன்னது பகிடி அல்ல என்று விளங்கியது.

நாற்பது தாண்டிய மன்னார் ஆம்பிளை நேர்ஸ் படிக்கப் போகிறானாம் என்று பூசை முடிந்து தேவாலய வாசலில் கதைத்துச் சிரித்தார்கள். நானும் விட்டுவைக்கவில்லை. உன்னை ஊசி போடச் சொன்னால் சாக்குத் தைக்கிற மாதிரித் தைப்பாய் என்றேன். ஊரில் நீ எடுத்த சோதனைகள் இங்கே போதாது என்றார்கள். பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் போய் இருந்து கணக்கும் இரசாயனமும் முதலிலிருந்து படித்தாய். பிரெஞ்சுச் சோதனை வேறு. பிறகு சேஜெப்புக்கு விண்ணப்பம் போட்டாய். அந்தக் கல்லூரியின் நேர்சிங் வகுப்புக்கு இடம் கொஞ்சம், கேட்பவர்கள் கூட்டம். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கைநிறையப் புள்ளிகளோடு உனக்கு முன்னால் வரிசையில். முதல் வருடம் இல்லை என்றார்கள். அடுத்த வருடமும் இல்லை. இரண்டு தரம் சரக்கைத் திருப்பி அனுப்பிய கடைக்கு மூன்றாம் தரம் போகிறவன் வியாபாரி இல்லை, விசரன் என்றேன். "நான் எப்ப வியாபாரியெண்டு சொன்னனான்?" என்று கேட்டாய்.

மூன்றாம் வருடம் காத்திருப்போர் பட்டியல். ஓகஸ்ட் நடுப்பகுதியில், என் கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. யாரோ ஒரு பிள்ளை வேறு படிப்புக்குப் போய்விட்டதாம், உனக்கு இடமாம். நீ தோளில் மூட்டையோடு நின்றபடியே "வுய் மதாம், வுய் மதாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாய். மூட்டையை இறக்கி வையடா என்று நான்தான் வந்து வாங்கினேன். அன்று நீ அழுததை உன் மனிசிக்கு நான் சொல்லவில்லை.

படிப்பு உன்னைப் பிழிந்தது. கிழமை நாட்களில் வகுப்பு, சனியும் ஞாயிறும் மாறி மாறி இல்லத்தில் வேலை. உன் மனிசி கார்டெரியில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்து உன் மகளையும் வீட்டையும் பார்த்தா. வகுப்புப் பிள்ளைகள் உன்னைப் பிரெஞ்சில் மாமா என்று கூப்பிட்டார்களாம். ஆசிரியை வேகமாகச் சொல்வதில் பாதி உனக்குப் பிடிபடாது. அந்தப் பிள்ளைகளின் குறிப்பை வாங்கிக்கொண்டு வந்து என் கடைத் தட்டுகளில் துண்டு துண்டாக ஒட்டினாய். வெந்தயத்துக்கு மேலே இரத்த அழுத்த மருந்துகள், மல்லிக்கு மேலே சிறுநீர் போக்கும் மருந்துகள். பெருஞ்சீரகம் வாங்க வந்தவர்கள் இது என்ன புது விலைப்பட்டியலோ என்று கேட்பார்கள்.

மருந்தளவுக் கணக்கில்தான் நீ முதலில் தடுமாறினாய். ஒரு பிழையும் விடாமல் செய்தால்தான் அதில் சித்தியாம். நான் தாளைப் பார்த்தேன். இருபத்தைந்து கிலோ மூட்டையை முந்நூறு கிராம் பைகளாகப் பிரிக்கிற கணக்குத்தானடா இது என்று காட்டிக் கொடுத்தேன். முழுப் புள்ளி எடுத்தாய். அன்றைக்குப் பிறகுதான் மற்ற விஷயங்களுக்கும் என்னிடம் யோசனை கேட்கத் தொடங்கினாய். அந்தக் கணக்கை நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டிருக்கலாம்.

இரண்டாம் வருடத்தின் கடைசி ஸ்டாஜ். ஆசிரியையின் கண்காணிப்பில் ஆஸ்பத்திரி வார்ட்டில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. அதில் தவறினால் வகுப்பில் எடுத்த புள்ளி எதற்கும் உதவாது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சப்பாத்துச் சேற்றைத் தட்டாமலே கடைக்குள் வந்தாய். அப்போதே ஏதோ பிழை என்று தெரிந்தது.

அதற்கு முந்தின நாள் ஒரு மூதாட்டிக்கு இருதய மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. அதைக் கொடுக்க முன் நெஞ்சில் குழாய் வைத்து முழுதாக ஒரு நிமிடம் துடிப்பை எண்ண வேண்டும். துடிப்புக் குறைவென்றால் கொடுக்கக்கூடாது. நீ குழாயை எடுக்கும் நேரத்தில் பக்கத்துக் கட்டில்காரர் வாந்தி எடுக்க, அங்கே ஓடினாய். திரும்பி வந்து, எண்ணியாகிவிட்டது என்ற நினைப்பில் மாத்திரையைக் கொடுத்துவிட்டாய். தாளில் எழுதப் போனபோதுதான் உறைத்தது. ஓடிப்போய் எண்ணினாய். எழுபத்திரண்டு. நல்ல துடிப்பு. அந்த எழுபத்திரண்டை மாத்திரைக்கு முன் எடுத்ததுபோல எழுதிவிட்டு வந்திருந்தாய்.

"திங்கக்கிழமை ரீச்சரிட்டச் சொல்லவோ மச்சான்?"

நான் மிளகாய்ப் பெட்டி வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அந்தக் கிழவிக்கு ஏதும் நடந்ததோ?"

"இல்லை. நான் வரேக்க கதிரையில இருந்து கதைச்சுக்கொண்டிருந்தவ."

"ஆரும் கண்டவையோ?"

"இல்லை."

"பிறகேனடா நீயாப் போய்க் கழுத்தைக் குடுக்கிறாய்? ரெண்டு தரம் வேண்டாமெண்டு தள்ளினவங்கள். இன்னொருக்காத் தள்ள நீயே காரணம் எழுதிக் குடுக்கிறியோ? வாயைப் பொத்திக்கொண்டு படி."

உன்மேல் இருந்த பாசத்தில்தான் சொன்னேன். என் தொழிலில் அது சரியான யோசனை. மூட்டையின் அடியில் ஒரு கை ஈரமென்றால் அதை அள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தை விற்போம், வாங்குகிறவனைக் கூப்பிட்டுக் காட்டுவதில்லை. தொழில் மட்டுமா? அகதி விசாரணைக்குப் போகும்போது நம் எல்லாருக்கும் சொல்லித் தந்த பாடமும் அதுதானே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லு, கேட்காததைச் சொல்லாதே, ஒருதரம் சொன்னதை மாற்றாதே. அந்தப் பாடத்தால்தான் இந்த நாட்டில் நிற்கிறோம். அது செல்லாத இடம் ஒன்று இருக்கும் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கேட்டாய்.

அன்று மாலை பூசைக்கு முன் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாயாம். அடுத்த நாள் போன் எடுத்து, சுவாமியிடம் சொல்லிவிட்டேன், நெஞ்சுப் பாரம் குறைந்துவிட்டது என்றாய். நான் சைவக்காரன், அதன் உள்விவரம் அறியேன். "பிறகென்ன, மேலிடத்திலயே அலுவலை முடிச்சிட்டாய்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை அந்த மூதாட்டி உன்னைப் புகழ்ந்தா. கெட்டது நினைத்து அல்ல. எவ்வளவு கவனமான மனிதர், மாத்திரை தந்துவிட்டுப் போனவர் திரும்பவும் ஓடிவந்து என் நெஞ்சைச் சோதித்துப் பார்த்தார் என்று ஆசிரியையிடம் வாய்நிறையச் சொன்னா. ஆசிரியை தாளை எடுத்துப் பார்த்திருக்கிறார். உன்னைத் தனியே கூப்பிட்டு, மாத்திரைக்கு முன் எண்ணினாயா என்று கேட்டார். ஓம் என்றாய். நன்றாக யோசித்துச் சொல் என்று இன்னொருதரம் கேட்டார். சொன்னதை மாற்றாதே என்பதுதானே பாடம். மறுபடியும் ஓம் என்றாய்.

ஸ்டாஜில் தவறியிருந்தால் திரும்ப ஒருதரம் செய்திருக்கலாம். பொய்யாக எழுதியதற்கும், கேட்டபோதும் பொய் சொன்னதற்கும் படிப்பைவிட்டே எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் அந்த ஆசிரியை கண் கலங்கினாராம். அன்றைக்கே வந்து சொல்லியிருந்தால், என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான் என்றாராம். இந்த வேலையில் அந்தப் பக்கத்தை எழுதாதவர்கள் இல்லை, நானும் எழுதியிருக்கிறேன் என்றாராம்.

ஒரு பக்கம். ஆறு வருடம் ஓடிப் பிடித்த இடம் ஒரு பக்கத்துக்குப் போயிற்று.

வக்கீல் பிடிப்போம், மேலே எழுதுவோம் என்று குதித்தேன். வேண்டாம் என்றாய். அவர்கள் செய்தது சரி மச்சான், நாளைக்கு எங்கட அம்மாவுக்கு மாத்திரை குடுக்கிறவன் பொய் எழுதினால் விடுவியோ என்று என்னையே கேட்டாய். துண்டுகளை நீயே கழற்றினாய். மல்லித் தட்டின் பின்னால் விழுந்த ஒன்றுதான் தப்பியிருக்கிறது. திரும்பவும் அதே இல்லம், அதே தூக்கி இருத்தல். அங்கிருந்த தாதிமாரில் ஒருத்தி உன்னோடு படித்த பிள்ளை. அவள் சொன்னதை நீ செய்தாய். ஒரு நாளாவது முகம் சுளித்ததாக அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அதற்குப் பிறகு நாலாம் வருடம் உனக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். கண்டுபிடித்தபோதே நேரம் கடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் நானும் நீயும் மட்டும் இருந்த ஒரு பின்னேரம், நான் கேட்காமலே சொன்னாய்.

"அண்டைக்குச் சுவாமி, போய் ரீச்சரிட்டச் சொல்லு எண்டுதான் சொன்னவர். நான் உன்ர சொல்லைக் கேட்டன்."

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல. ஒரு விவரத்தைச் சொல்லி வைக்கிற குரல். தண்ணீர் வேணுமோ என்று கேட்டேன். கொஞ்சம் தா என்றாய்.

உன்னை அடக்கம் செய்த அன்று உன் மனிசி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா: "அண்ணை, அவர் உங்களை ஒரு சொல்லுக் கேட்டிருந்தால் படிப்பு இப்பிடிப் போயிராது. போய் உண்மையைச் சொல்லடா எண்டு நீங்கள் கலைச்சிருப்பியள்."

"ஓம் தங்கச்சி" என்றேன்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இவ்வளவு காலமும் நீ என் பெயரை வீட்டில் எடுக்கவே இல்லை என்று. எல்லாவற்றையும் உன் தலையிலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். என்னால் அப்படி முடியாது. நான் பழியைப் பகிர்ந்து பழகியவனும் இல்லை, முழுதாக ஏற்றுப் பழகியவனும் இல்லை.

இவ்வளவும் எழுதி வைத்திருக்கும்போதே உன் மனிசி அரிசி எடுக்க வந்தா. மகளுக்குப் பதினேழு. நேர்சிங்குக்குப் போடு என்று ஆசிரியர்கள் சொல்கிறார்களாம், புள்ளியும் இருக்கிறதாம். அவள் மாட்டேன் என்கிறாளாம்.

"'பொய்க்காரன்ர மகள் எண்டு அங்க இன்னும் ஆருக்கும் ஞாபகம் இருக்கும்' எண்டு பிரெஞ்சில சொல்லுறாள் அண்ணை. அப்பான்ர படத்துக்கு முன்னால நிண்டு சொல்லுறாள். நான் என்ன செய்ய?"

சொல்லியிருக்கலாம். கடையில் வேறு ஆளில்லை. 'உன் அப்பா உண்மையைச் சொல்லப் போனவர், வாயைப் பொத்தச் சொன்னவன் நான்தான்' என்று அந்தப் பிள்ளைக்கு ஒரு வரி. உன்னைத் திரும்ப வகுப்பில் இருத்த அது உதவாது. உன் மகளுக்கு உதவியிருக்கும். வாய்வரை வந்தது. உடனே அந்தப் பழைய கணக்குத் தலைக்குள் ஓடியது. யாரும் கண்டார்களா, இல்லை. கேட்டார்களா, இல்லை. பிறகேன்?

மூட்டையைக் காரில் ஏற்றிவிட்டேன். அவளுக்கு விருப்பமில்லாவிட்டால் விடு தங்கச்சி, வேறு படிப்பா இல்லை என்றேன். என் யோசனையில் நம்பிக்கை வைத்துத் தலையாட்டிவிட்டுப் போகிறா.