கம்பத்தில் ஏறப் போகிறேன்

என்னங்க,

காலையில் போன் அலறியதும் போர்வைக்குள் புகுந்துகொண்டீர்களே, பேசியது எங்கள் ஹாம் ரேடியோ கிளப் செயலாளர். நேற்று நாம் சண்டை போட்டபோது என் ரேடியோ செட்டின் மைக் பட்டன் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டதாம். "பல்பு மாத்தவே நாற்காலியைப் பிடிச்சுக்க ஆள் வேணும், இவ கம்பம் ஏறுறாளாம்!" என்று நீங்கள் கத்தியதை மொத்த கிளப்பும் கேட்டிருக்கிறது.

இனி நான் ஏறாமல் இருந்தால்தான் அவமானம். கம்பத்து உச்சியில் காற்றில் சாய்ந்த ஆன்டெனாவை நானே நிமிர்த்தப் போகிறேன். இடுப்பு பெல்ட், ஸ்பேனர், சால்டரிங் அயர்ன் எல்லாம் எடுத்துக்கொண்டேன். கட்டிங் பிளேயரை மட்டும் காணோம். அதில் நகம் வெட்டாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்வது?

சாப்பாடு அடுப்பு மேல் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை மாடிவீட்டு அக்காவிடம் கொடுங்கள். என்னைத் தடுக்க மட்டும் வராதீர்கள், இறங்க மாட்டேன்.

பி.கு: நான் கோபத்தில் எழுந்து போன பிறகும் பட்டன் விடுபடவில்லையாம். நீங்கள் தனியாக முணுமுணுத்ததைச் செயலாளர் அப்படியே சொன்னார்:

"அவ ஏறிடுவா. கீழே நின்னு பார்க்கத்தான் எனக்குத் தைரியம் இல்ல."