கதவோடு போன பதினேழு பேர்

அனுப்புநர்:
ஜே. சுந்தர்சிங், டி.சி.இ.,
(த/பெ ஜேசுபாதம், நாசரேத்)
சர்வேயர், மோட்டார் அறை,
மேலைத்திட்டு உப்பளம், தூத்துக்குடி.

பெறுநர்:
வாக்காளர் பதிவு அலுவலர் அவர்கள்.

பொருள்: மேலைத்திட்டு உப்பளக் குடியிருப்பில் நீக்கப்பட்ட வாக்காளர் பெயர்கள் – தாங்கள் நேரில் வாய்மொழியாக இட்ட உத்தரவை எழுத்தில் வழங்கக் கோருதல்.

பார்வை: 5-5-1977 வியாழனன்று தாங்கள் நடத்திய நேர் விசாரணை.

மதிப்பிற்குரிய அலுவலர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. இது முதலில் புகாராகத்தான் எழுதப்பட்டது. ஒரு மாதமாக என் மேஜையில் கிடந்த அந்த நகலில் சூடான சொற்கள் நிறைய இருந்தன. தாங்கள் வியாழனன்று உச்சி வெயிலில் அளத்து வரப்பில் நடந்து வந்து பார்த்த பிறகு அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. அதனால்தான் இந்த மனு.

2. நடந்தது எதுவும் கோப்பில் இல்லாததால் சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் அளத்தில் உப்பு வாருகிற குடும்பங்கள் ஒரு மேட்டில் ஓலைக் குடிசை போட்டு இருக்கிறார்கள். ஐப்பசி மழையில் சுற்றிலும் தண்ணீர் ஏறிவிடும். குடிசையைப் பிரித்துவிட்டு ஊருக்குள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவார்கள். தை பிறந்ததும் அதே மேட்டுக்குத் திரும்புவார்கள். ஓலையை விட்டுவிட்டுப் போனாலும் கதவை விட மாட்டார்கள். பழைய தோணிப் பலகையில் அடித்த கதவு. வீட்டில் கெட்டியான பொருள் அது ஒன்றுதான். மழை மாதங்களில் அந்தக் கதவுகள் கை மாறும். இரவல் போகும், விலை போகும், இற்றுப்போனால் விறகாகும்.

3. சென்ற புரட்டாசியில் கணக்கெடுக்க வந்தவர் வீட்டு எண்ணைத் தாரால் கதவில் எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவில்லை. ஓலையில் எழுத முடியாது. மாசியில் சரிபார்க்க வந்தவர் வேறொருவர். அவர் கதவில் இருந்த எண்ணைப் பார்த்து, பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே உள்ள பெயரைக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் அந்தக் கதவுக்குப் பின்னால் இல்லை என்றால் ‘குடிபெயர்ந்தார்’ என்று எழுதியிருக்கிறார். பத்தொன்பது பெயர்கள் இப்படிப் போயின.

4. பகவதி என்ற அம்மாளின் விஷயம் தங்களுக்குத் தெரியும். கோப்புக்காகத் திரும்ப எழுதுகிறேன். அவர் கதவு எண் 14. தையில் மகள் முத்துக்கனிக்கும் அதே அளத்தில் வேலை பார்க்கும் பிச்சையாவுக்கும் கல்யாணம் நடந்தது. “புள்ளைக்கு நகை போட வக்கில்ல, கதவத்தான் குடுத்தேன். மழ பெஞ்சா அவ நனையக்கூடாதுல்லா” என்கிறார் பகவதி. மகள் குடிசையில் 14 தொங்கியது. தாய் தன் வாசலில் சாக்கைக் கட்டிக்கொண்டார். சரிபார்க்க வந்தவர் மகளிடம் “பகவதி இருக்காங்களா?” என்று கேட்க, அவள் “அம்மா இங்க இல்லியே” என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கிருந்தே கையைக் காட்டியிருப்பாள். பெயரை நீக்கும் நோட்டீஸையும் அதே கதவில்தான் ஒட்டினார்கள். அது உப்புக் காற்றில் பசை விட்டுப் பறந்தது.

5. பிச்சையாவின் பழைய எண் 22. அது பனைமட்டைத் தட்டியில் எழுதப்பட்டிருந்தது. தட்டி கார்த்திகையில் அடுப்புக்குப் போயிற்று. 22 காணவில்லை, ஆகவே பிச்சையாவும் காணவில்லை. “என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே நான் இல்லன்னு எழுதுதாரு அண்ணாச்சி” என்று அவர் சொன்னபோது தாங்களும் சிரித்தீர்கள். மார்ச் மாதத் தேர்தலில் அந்தக் குடும்பத்தில் புதுப்பெண் விரலில் மட்டும்தான் மை வைத்தார்கள்; தாயோடு 14-இல் எழுதியிருந்த அவள் பெயர் கதவோடு தப்பியது. பகவதி வரிசையில் நின்று உள்ளே போய், பெயர் இல்லை என்று வெறும் விரலோடு திரும்பினார். அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, “நீ படிச்சவன்லா, நான் இருக்கேனா இல்லியா, அத மட்டும் கேட்டுச் சொல்லு” என்றார். தற்காலிகமாக வெளியே போய் வருவதால் மட்டும் குடியிருப்பு போய்விடாது என்று சட்டம் இருப்பதை நான் படித்துக் காட்டினேன். அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

6. வியாழனன்று தாங்கள் கதவுகளைப் பார்க்காமல் மேட்டின் நடுவில் நின்று பெயர்களைக் கூப்பிட்டீர்கள். பதினேழு பேர் எதிரே வந்து நின்றார்கள். இனிகோ பெயருக்குப் பதில் இல்லை. “அவன் பொண்டாட்டி ஊரு தருவைகுளத்துக்கே போயிட்டான் அய்யா, ஓட்டையும் அங்கனயே போடட்டும்” என்று இவர்களே சொன்னார்கள். சிவனாண்டி பெயரைக் கூப்பிட்டதும் அவர் மனைவி செல்லத்தாய் முன்னால் வந்து, “அவுக கார்த்திகையிலயே தவறிட்டாவ அய்யா, அடிச்சிருங்க” என்றார். பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் மேட்டுக்காரர்களுக்கும் தங்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. “பதினேழையும் சேர்த்தாச்சு” என்று தாங்கள் சொல்லிவிட்டுப் போனீர்கள்.

7. சனிக்கிழமை தங்கள் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். கோப்பில் ஒரு வரி இல்லை. பிரிவு எழுத்தர், “தம்பி, அய்யா வாயால சொன்னது அச்சாபீஸுக்குக் கேக்காது. திங்கக்கிழமை எழுதிக் கொண்டா, அன்னைக்கே கையெழுத்துக்கு வைக்கேன்” என்றார். வீண் அலைச்சல் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. யோசித்தால் அவர் சொன்னது சரி.

8. ஆகவே சட்டமன்றத் தேர்தலுக்கான துணைப் பட்டியல் அச்சுக்குப் போகுமுன் பதினேழு பெயர்களையும் சேர்த்து எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன். அடுத்த முறை கதவுக்கு எண் போட வேண்டாம். மேட்டின் நான்கு மூலையிலும் எல்லைக்கல் இருக்கிறது. அவற்றை யாரும் சீதனமாகக் கொடுக்க மாட்டார்கள். மேடு முழுவதற்கும் ஒரே எண் கொடுத்து, உள்ளே ஆட்களைப் பேர் பேராக எழுதலாம். வரைபடம் அளவுகளோடு இணைத்திருக்கிறேன். சரிபார்ப்பை மழைக்கு முன் முடித்துவிடவும் கோருகிறேன்.

9. இன்னொன்று. நான் தங்கியிருக்கும் மோட்டார் அறைக் கதவு இரும்பு, சுவரோடு பதித்தது. அதனால் என் பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை. போதாததற்கு நாசரேத்தில் என் தகப்பனார் வீட்டிலும் என் பெயர் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த பகவதிக்கு ஒரு இடமும் இல்லை, இரண்டு வருடம் முன்பு வந்த எனக்கு இரண்டு இடம். நாசரேத்துப் பதிவை நீக்கச் சொல்லி அங்கேயும் இன்று எழுதியிருக்கிறேன்.

பகவதியின் வாசலில் இன்னும் சாக்குதான் தொங்குகிறது. அதில் எண் எழுத யாரையும் அனுப்ப வேண்டாம் ஐயா. வெளியே நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும். உள்ளேயிருந்து பதில் வரும்.

தங்கள் கையெழுத்தை எதிர்நோக்கும்,
ஜே. சுந்தர்சிங்

இடம்: தூத்துக்குடி
நாள்: 9-5-1977

இணைப்பு: மேட்டின் வரைபடம், பதினேழு பேரின் கையொப்பமும் கைரேகையும்.